தங்கச்சி போட்ட காவல்

எங்கள் அலுவலகத்துக்கு வரப்போகிற என்ஜினியர் யார் என்பது முதலில் அம்மாவுக்குத் தெரிந்தது. பிறகு மேனேஜருக்கு. கடைசியில்தான் எனக்கு. ஒரு மீட்டிங் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு மேனேஜர் என்னை மட்டும் நிறுத்தி, கடலுக்கு அந்தப் பக்கம் மெயின்லேண்டில் இருக்கிற கம்பெனி அனுப்புகிற ஆளின் பெயரைச் சொல்லி, "யே ஆப்கி பெஹன் ஹை நா, தீதி?" என்று கேட்டார். ஆமாம், என் தங்கைதான் என்றேன். முன்பே தெரிந்தவள்போலச் சிரித்தும் வைத்தேன்.

கராச்சர்மாவில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குப் போய்க் கேட்டபோது, அம்மா கீரை ஆய்ந்துகொண்டே, "சின்னவ போன வாரமே சொல்லிட்டா. ஒனக்குச் சொல்ல வேணாம், திடீர்னு பாத்தா நீ சந்தோசப்படுவேன்னா" என்றாள். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்தான். எனக்கு வந்தது வேறு. ஊர் முழுக்க என் சர்வர் அறையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு என்னிடம் வந்து தகவல் சொன்னதுபோல இருந்தது.

எங்களுடையது அந்தமான் நிக்கோபார் தீவுகள் முழுக்க அரிசி, பருப்பு, கேஸ் சிலிண்டர் என்று கொண்டுபோய்ச் சேர்க்கும் ஒரு கூட்டுறவு நிறுவனம். தலைமை அலுவலகம் போர்ட் பிளேரில். ரங்கத், மாயாபந்தர், கட்சால் என்று பல இடங்களில் கிளைகள். கிளைகளில் பில் போடுகிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் எங்கள் சர்வர் அறையோடுதான் பேசும். அந்த அறை என் பொறுப்பு. அதிலே எனக்குப் பெருமையான பொருள் ஒன்று உண்டென்றால், அது ஃபயர்வால் பெட்டி. வெளியிலிருந்து வருகிற ஒவ்வொரு இணைப்பையும் நிறுத்தி, நீ யார், எங்கே போகிறாய் என்று கேட்டு, சரியானதை மட்டும் உள்ளே விடுகிற இயந்திரம். அதில் இருந்த விதிகளை ஒவ்வொன்றாக எழுதியவள் நான். சாட்டிலைட் லிங்க் மட்டுமே இருந்த காலத்தில், மழை பிடித்தால் எல்லாம் அறுந்துபோகிற அந்த நாட்களில், அந்தப் பெட்டியோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பிறகு கடலடிக் கேபிள் வந்தது. வேகம் கூடியதும் நிர்வாகத்துக்கு ஆசைகளும் கூடின. தனித்தனியாக நின்ற சர்வர்களை எடுத்துவிட்டு, இரண்டு மூன்று பெரிய இயந்திரங்களுக்குள் மென்பொருளாலேயே பல சர்வர்களை உருவாக்கி ஓடவிடுவது, சிலவற்றை மெயின்லேண்டில் இருக்கும் கிளவுட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவாயிற்று. இடம் மாறினால் காவலும் மாறவேண்டும். அந்தக் காவலைப் போடத்தான் என் தங்கை வந்தாள்.

எங்களுக்குள் வயது வித்தியாசம் அதிகம். அப்பாவின் குடும்பம் இலங்கைத் தோட்டத்திலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, கட்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. அப்பா அங்கே பால் வெட்டினார். நாங்கள் இருவரும் அங்கேதான் பிறந்தோம். சுனாமி வந்தபோது நான் போர்ட் பிளேரில் பாலிடெக்னிக் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவும் அம்மாவும் தங்கையும் மேட்டில் ஏறிப் பிழைத்தார்கள். வீடு போய்விட்டது. கப்பலில் வந்து இறங்கியவர்களைப் பார்த்து நான் அழுத அழுகை உண்மை. ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் அவர்கள் மூவரும் அந்த மேட்டைப் பற்றிப் பேசுவார்கள். எந்த மரத்தடியில் உட்கார்ந்தோம், யார் இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள், தங்கை எப்படி அம்மாவின் முந்தானையை விடவே இல்லை என்று. அந்தப் பேச்சில் எனக்கு இடமில்லை. சாவின் விளிம்பில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதா என்று கேட்கலாம். பொறாமையாகத்தான் இருந்தது.

அப்பா சில வருஷங்களில் உடம்புக்கு முடியாமல் போய்ச் சேர்ந்தார். நான் வேலைக்குப் போனேன். தங்கை நன்றாகப் படித்தாள், சென்னையில் என்ஜினியரிங் சேர்ந்தாள், அங்கேயே வேலையும் கிடைத்தது. ஹேடோ ஜெட்டியில் அவளைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்த அன்று நான்தான் அம்மாவைத் தேற்றினேன். அன்றிலிருந்து அம்மாவோடு இருப்பவள் நான், அம்மா பேசுவது அவளைப் பற்றி. எங்கள் இருவருக்குமே கல்யாணம் ஆகவில்லை. அந்தக் கவலை அம்மாவுக்குப் பழகிவிட்டது.

அவள் காலை விமானத்தில் வந்தாள். அம்மா முந்தின நாளே தேங்காய் துருவி வைத்திருந்தாள். ரொட்டியும், தேங்காயை மிளகாயோடு இடித்த சம்பலும் தங்கைக்கு. எனக்கும் தட்டு வைத்தாள், இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கல்லிலிருந்து எடுத்த முதல் ரொட்டி எந்தத் தட்டுக்குப் போனது என்பதை நான் பார்த்தேன். நாற்பதை நெருங்குகிற பெண் பார்க்கிற காரியம் இல்லை அது.

அலுவலகத்தில் முதல் நாளே அவளை எல்லோர் முன்னாலும் விளக்கம் சொல்லச் சொன்னார்கள். மேனேஜர் இங்கேயே பிறந்து வளர்ந்த வங்காளி. என்னை வருஷக்கணக்காக "தீதி", அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவார். அவளை அரை மணி நேரத்துக்குள் "மேடம்" ஆக்கிவிட்டார். தீதி என்பது பாசமான சொல் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அவள் ஹிந்தியில் சொன்னாள். நடுவில் எனக்காகத் திரும்பித் தமிழிலும் சொன்னாள். "அக்கா, ஒன் பெட்டி வாசல்ல நிக்கிது. வெளியேருந்து வர்றவன அது நல்லா பாக்குது. ஆனா இனிமே பத்து சர்வரும் ஒரே மெஷினுக்குள்ள இருக்கப் போகுது. அதுங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிறது வயர்ல வெளிய வரவே வராது. ஒன் பெட்டிக்கு அது கேக்காது."

அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. படித்திருக்கிறேன். ஒரே வீட்டுக்குள் அறைக்கு அறை நடமாடுகிறவனை வாசல் காவலாளி எப்படிப் பார்ப்பான்? ஆகவே வாசலில் ஒரு காவல் போதாது. ஒவ்வொரு சர்வரின் மூக்குக்கு முன்னாலும் மென்பொருளால் ஆன ஒரு சின்னக் காவல் வேண்டும். இன்னாரோடு மட்டும் பேசலாம், மற்றவரோடு கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் தனி விதி. சர்வர் போர்ட் பிளேரிலிருந்து கிளவுட்டுக்கு இடம் மாறினாலும் விதி அதோடு சேர்ந்தே போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் "ஒன் பெட்டிக்கு அது கேக்காது" என்று அவள் வாயால், அத்தனை பேர் முன்னால், அவ்வளவு மெதுவாகச் சொல்லக் கேட்டபோது முகம் சூடாகிவிட்டது.

அவளை மடக்க வேண்டும் என்றே ஒரு கேள்வி கேட்டேன். விதிகளை நிர்வகிக்கிற மென்பொருள் மெயின்லேண்டில் இருக்கப் போகிறதே, கேபிள் அறுந்தால் என்ன ஆகும், காவல் எல்லாம் தூங்கிவிடுமா என்று. இங்கே வாழ்கிற எவருக்கும் வருகிற சந்தேகம்தான். ஆனால் நான் கேட்டது சந்தேகத்துக்காக இல்லை.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் கேக்கவேண்டிய கேள்வி" என்று மேனேஜரிடம் சொன்னாள். விதிகளின் பிரதி ஒன்று ஒவ்வொரு காவலிடமும் இங்கேயே இருக்கும், லிங்க் போனாலும் கடைசியாக வந்த விதி அப்படியே நிற்கும், புதிதாக மாற்றத்தான் முடியாது என்று விளக்கினாள். மேனேஜர் தலையாட்டினார். என் கேள்வி அவளுக்கு மேடை போட்டுக் கொடுத்ததுதான் மிச்சம்.

சர்வர்கள் புதிய இயந்திரங்களுக்கு மாறிய பிறகும் சில வாரங்கள் அவள் எதையும் தடுக்கவில்லை. புதிய காவல்களைக் கண்ணை மட்டும் திறந்து வைத்திருக்கச் சொன்னாள். எந்த சர்வர் எந்த சர்வரோடு பேசுகிறது என்று அவை பார்த்துக்கொண்டே இருந்தன. திரையில் புள்ளிகளும் கோடுகளுமாக ஒரு படம் வளர்ந்தது. வருஷக்கணக்காக நான் காவல் காத்த அறைக்குள் என்னென்ன பேச்சு நடந்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தேன். விரல் வைத்து வருகைப் பதிவு செய்கிற சிறிய சர்வர், காரணமே இல்லாமல் கணக்குப் பிரிவு சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. மேனேஜர் அதைப் பார்த்து என் பக்கம் திரும்புவதற்குள், "பழைய அமைப்புல இத யாராலயும் பாக்க முடியாது. எல்லா எடத்துலயும் இப்படித்தான் இருக்கும்" என்று அவள் முந்திக்கொண்டாள்.

என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. திமிராகப் பேசியிருந்தால் வீட்டில் போய் அம்மாவிடம் புகார் சொல்லியிருக்கலாம். வெறுப்பதற்குக்கூட ஒரு பிடி கொடுக்காமல் நடந்துகொண்டாள். கான்டீனில் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தாள். பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் விட்டாள்.

பிறகு காவல்களுக்குத் தடுக்கிற அதிகாரம் கொடுக்கிற நாள் வந்தது. அனுமதித்ததைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் கதவு சாத்தப்படும். காலையில் கிளைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. எல்லாம் சரியாக ஓடியது. எனக்கு உள்ளுக்குள் சப்பென்று இருந்தது. பகலில் ரங்கத் கிளையிலிருந்து போன் வந்தது. கவுன்டர்கள் எல்லாம் நின்றுபோய்விட்டன, பில் போட முடியவில்லை, சிலிண்டருக்கு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர்.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த உணர்ச்சிக்கு நல்ல பெயர் எதுவும் கிடையாது. குளிர்ந்த தண்ணீர் குடித்தது போல இருந்தது. தங்கையைப் பார்த்தேன். அவள் உதடு வெளுத்துவிட்டது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டியில் வரி மறந்து நின்றபோது இதே உதட்டைப் பார்த்திருக்கிறேன். அப்போது மேடைக்குக் கீழேயிருந்து நான் வாயசைத்துச் சொல்லிக் கொடுத்தேன்.

மேனேஜர் பின்னால் வந்து நின்றார். ரங்கத்துக்கு காலையில்கூடச் சரியாகத்தானே இருந்தது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்குச் சட்டென்று ஒன்று பொறிதட்டியது. ரங்கத்துக்குப் போகிற டிரங்க் ரோட்டில் வேலை நடந்துகொண்டிருந்தது. தோண்டுகிறபோது கேபிளை வெட்டிவிட்டால் ரங்கத் தானாகவே பழைய சாட்டிலைட் வழிக்கு மாறும். அந்த வழியில் வந்தால் அதன் முகவரி வேறு. புதிய காவலுக்கு அந்த முகவரியில் வருகிறவன் ரங்கத் இல்லை, யாரோ அந்நியன்.

"ரங்கத்து லிங்க் மாறியிருக்கும்" என்று ஆரம்பித்தேன். நான் வாக்கியத்தை முடிப்பதற்குள், தடுக்கப்பட்டவற்றின் பதிவில் அந்தப் பழைய முகவரியை அவள் கண்டுபிடித்துவிட்டாள். "அதேதான் அக்கா" என்றாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த முகவரியும் ரங்கத் கிளைதான் என்று ஒரு வரி சேர்த்தாள். ரங்கத்தில் பில் ஓட ஆரம்பித்தது. மேனேஜர், "பஹுத் அச்சா, மேடம்" என்று அவள் நாற்காலியின் முதுகைத் தட்டிவிட்டுப் போனார்.

எனக்கென்று வந்த ஒரே ஒரு வாக்கியம். அதைக்கூட அவள் என் வாயிலிருந்து எடுத்துக்கொண்டாள் என்றே தோன்றியது. எடுக்கவில்லை, தானாகக் கண்டுபிடித்தாள். என் கண்முன்னால்தான் நடந்தது. இருந்தும் பஸ்ஸில் வீடு வருகிறவரை அவளோடு பேசவில்லை.

அதற்குச் சில நாட்கள் கழித்து, ஒரு விடுமுறை நாளில் நான் மட்டும் அலுவலகத்தில் இருந்தேன். தங்கை அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜங்லிகாட்டுக்கு மீன் வாங்கப் போயிருந்தாள். போனில் எச்சரிக்கை ஒன்று வந்தது. திரையைத் திறந்தேன். கட்சால் கிளைக்கான சர்வர், பக்கத்தில் இருக்கிற எல்லா சர்வர்களின் கதவையும் வரிசையாகத் தட்டிக்கொண்டிருந்தது. முதலில் கணக்கு, பிறகு கிடங்கு, பிறகு சம்பளம், திரும்பவும் கணக்கு. அங்கே யாரோ ஒருவர் பென் டிரைவ் செருகியிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதிலிருந்த விஷ மென்பொருள் கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து எங்கள் சர்வருக்குள் வந்து, அங்கிருந்து பரவ வழி தேடிக்கொண்டிருந்தது.

என் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தேன். அதில் ஒரு வரி இல்லை. பெட்டியைப் பொறுத்தவரை அது அமைதியான ஒரு மத்தியானம்.

புதிய திரையில் ஒவ்வொரு தட்டலுக்கும் எதிரே மறுப்பு விழுந்துகொண்டிருந்தது. எந்தக் கதவும் திறக்கவில்லை. பழைய ஏற்பாட்டில் இது வந்திருந்தால் தீவுகள் அத்தனையிலும் அரிசிக் கணக்கும் கேஸ் கணக்கும் பூட்டப்பட்டுக் கிடந்திருக்கும். அதை நினைத்துப் பயம் வந்தது. அந்தப் பயத்துக்கு நடுவிலேயே, இத்தனை நேர்த்தியாக ஒரு காவலை என் தங்கை போட்டிருக்கிறாளே என்று நெஞ்சு எரிந்தது. நான் போட்டிருக்க வேண்டியது. என் அறை.

காவல்கள் தடுக்குமே தவிர, அந்த சர்வரை முழுவதுமாகத் தனிமைப்படுத்த ஒரு ஆள் உத்தரவு கொடுக்க வேண்டும். எப்படி என்று அவள் எனக்குக் காட்டியிருந்தாள். நான் வேண்டாவெறுப்பாகக் கவனித்திருந்தேன், ஆனால் கவனித்திருந்தேன். கட்சால் சர்வரை மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்தேன். தட்டல் நின்றது. பிறகு கிளைக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு யாரும் தொடக்கூடாது என்று சொன்னேன். தங்கைக்குச் சொன்னபோது அவள் மீன் கடையிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டாள். நீ செய்தது சரி, நான் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பேன் என்றாள்.

மேனேஜர் மறுநாள் அவளைப் பாராட்டினார். அவள், துண்டித்தது அக்காதான், நான் மார்க்கெட்டில் இருந்தேன் என்று சொன்னாள். அவர் என்னிடமும் திரும்பி நன்றி சொன்னார். அந்த நன்றி அவள் கையால் அள்ளி வைத்ததுபோல இருந்தது. எனக்கு அது இறங்கவில்லை.

வேலை முடிகிற கட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்ட பிறகு, அவள் பேச்செடுத்தாள். தான் போன பிறகு இந்தக் காவல்களைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் வேண்டும். சென்னையில் இரண்டு மாதப் பயிற்சி இருக்கிறது. மேனேஜரிடம் என் பெயரைச் சொல்லியிருக்கிறாள், அவரும் சரி என்றிருக்கிறார்.

"எனக்கு எடம் விட்டுக் குடுக்குறியா?" என்றேன்.

"இல்லக்கா. கத்துக்கன்னு சொல்றேன்."

"ஒன் கிட்டயா?"

"என் கிட்ட வேணாம். என் கிட்ட நீ கத்துக்க மாட்ட. அதான் சென்னைக்குப் போகச் சொல்றேன்."

அம்மா உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு, அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கே போவது, எல்லாரும் உன்னைப்போலக் கப்பலேறிவிட முடியுமா என்று கேட்டேன்.

"நான் இருக்கேன்" என்றாள். "கேபிள் வந்தாச்சு. எங்க கம்பெனி வேலைய நான் இந்த ரூம்ல உக்காந்தே பாப்பேன். கேட்டுட்டேன், ஒத்துக்கிட்டாங்க."

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் சொன்னாள்: "அக்கா, நீ என்னப் பாக்குற பார்வ எனக்குத் தெரியும். சின்ன வயசுலேருந்தே தெரியும். நான் என்னா செஞ்சேன்னு மட்டும் தெரியல."

"நீ ஒண்ணும் செய்யல" என்றேன். "அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. என் தட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நான் சென்னைக்குப் போனேன். வகுப்பில் எல்லோரும் என்னைவிட மிக இளையவர்கள். ஆரம்பத்தில் வேர்த்தது. ஆனால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும், யார் யாரோடு பேச வேண்டும், யார் பேசக் கூடாது என்று பிரித்து எழுதுவது எனக்கு இயல்பாகவே வந்தது. அதைத்தானே அத்தனை வருஷமும் ஒரு வாசலில் செய்துகொண்டிருந்தேன். இப்போது வாசல்கள் நிறைய, அவ்வளவுதான். எந்த விதியையும் முகவரியை நம்பி எழுதாதீர்கள், அந்த சர்வரின் வேலையை வைத்து எழுதுங்கள் என்று சொல்லிக் கொடுத்த ஆசிரியர் என் பயிற்சியைத் திரையில் போட்டு மற்றவர்களுக்குக் காட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது. உடனே வீட்டுக்குப் போன் செய்தேன்.

அம்மா கேட்டுவிட்டு, நல்லது நல்லது என்றாள். பிறகு தன் செய்தியை ஆரம்பித்தாள். சின்னவள் கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்னவள் அலமாரியை ஒழித்து அடுக்கினாள். இரண்டு பேரும் கார்பின்ஸ் கோவ் கடற்கரைக்குப் போய்க் காலை நனைத்தார்கள். "இந்த வயசுல என்னயத் தண்ணியில எறக்கிட்டா பாரு" என்று சொல்லிச் சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அம்மா கடல் பக்கம் போகவே மாட்டாள். நான் எத்தனையோ தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

ஹாஸ்டல் மாடியில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மாவோடு இருப்பதை நான் வருஷக்கணக்காகச் சுமை என்றுதான் கணக்கு வைத்திருந்தேன். அவள் பறந்துபோனாள், நான் கட்டுண்டு கிடந்தேன் என்று. அவளுடைய வேலையைக் கற்றுக்கொள்ள நான் இங்கே வந்தால், அவள் என் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அதை என்னைவிட நன்றாகச் செய்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு மாதமும் என்னை அரித்தது மென்பொருள் இல்லை, அந்தக் கடல் தண்ணீர்தான். அம்மாவிடம் ஒருமுறை கேட்டும் விட்டேன், நான் கூப்பிட்டப்போ ஏன் வரலை என்று.

"நீ கூப்ட்டியா? 'வேணும்னா போவோம்'னு கேப்ப. எனக்கு வேணும்னு எப்படிச் சொல்றது? அவ கேக்கல, ஆட்டோவ கொண்டாந்து நிறுத்திட்டா" என்றாள் அம்மா.

திரும்பி வந்தபோது வீட்டில் என் கட்டில் ஜன்னலோரம் நகர்ந்திருந்தது. காற்று நன்றாக வருகிறது என்று தங்கை சொன்னாள். அம்மாவின் மாத்திரை டப்பா இருந்த இடத்தில் இல்லை. எங்கே என்று அவளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அலுவலகத்தில் காவல்களின் சாவியை, அதாவது அந்த மென்பொருளின் முழு அதிகாரத்தையும், அவள் எனக்கு மாற்றிக் கொடுத்தாள். தன்னுடைய அனுமதியை அவளே நீக்கிக்கொண்டாள். இனி நான் திறந்தாலொழிய அவளால் உள்ளே வர முடியாது. முதல் வேலையாக அவள் எழுதியிருந்த விதிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். தப்பு தேடித்தான் படித்தேன். ஒன்றிரண்டை இன்னும் இறுக்கமாக எழுத முடிந்தது. மற்றவை எல்லாம் நான் எழுதியிருந்தால் இப்படி எழுதியிருப்பேனா என்று ஏங்க வைத்தன. வீட்டுக்கு வந்து அந்த ஒன்றிரண்டை மட்டும் அவளிடம் சொன்னேன். அவள் பேப்பர் எடுத்து வரைந்து பார்த்துவிட்டு, "ஆமா, இது எனக்குத் தோணல" என்றாள். அந்த வார்த்தையை நான் ஒரு வாரம் வைத்துத் தின்றேன்.

அவள் சென்னைக்குத் திரும்பவேண்டிய நாள் நெருங்கியும் டிக்கெட் எடுக்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்த என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நான் இங்கயே இருந்துரட்டுமா?" என்று கேட்டாள். சென்னையில் தனியாக இருந்தது போதும் என்றாள். அம்மாவிடம் முதலில் கேட்டாயா என்றேன். இல்லை, உன்னிடம்தான் முதலில் என்றாள்.

வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணங்கள் இருந்தன. அம்மாவை இனி ஒவ்வொரு நாளும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஊரில் இந்த வேலை தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்ற பெயர் வருமுன்பே போய்விடும். இதையெல்லாம் யோசித்துக்கொண்டே, "இரு" என்று சொல்லிவிட்டேன். அவள் கேட்ட விதம் அப்படி. என் மனம் பெரிதானதாக நினைத்துக்கொள்ள வேண்டாம்.

இப்போது மூன்று பேரும் இருக்கிறோம். அவள் முன்னறையில் உட்கார்ந்து மெயின்லேண்ட் கம்பெனிகளுக்குக் காவல் போடுகிறாள். நான் பஸ் பிடித்துப் போய் எங்கள் தீவுகளின் காவலைப் பார்க்கிறேன். சில சமயம் சிக்கலான ஒன்றைக் கொண்டுவந்து அவளிடம் கேட்கிறேன், கேட்க மனசில்லாமல்தான். சில சமயம் அவளும் கேட்கிறாள். அவளுக்குக் கம்பெனியில் பதவி உயர்வு வந்தபோது இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தேன், அன்று முழுக்க தலை வலித்தது.

அம்மா சமையலறையிலிருந்து "இங்க வாங்க யாராச்சும்" என்று குரல் கொடுத்தால் இரண்டு பேரும் எழுந்திருக்கிறோம். அவளுக்கு ஹெட்போனைக் கழற்ற வேண்டியிருக்கிறது. அதற்குள் நான் போய்விடுகிறேன்.